பின் டயரின் உள்பக்கம்



போன கிழமை நான் போட்ட டயர் படத்தைப் பார்த்துவிட்டு இன்பொக்ஸில் நிறையப் பேர் வந்துவிட்டீர்கள். "சேர், வெளிப்பக்கம் பூ நல்லா இருக்கு, உள்பக்கம் கம்பி தெரியுது, இது எப்படி?" என்பது பாதிப்பேரின் கேள்வி. மற்றப் பாதி, "கெம்பர் கிட் எங்க வாங்கின, எவ்வளவு?" தனித்தனியாகப் பதில் எழுத ஏலாது. தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தி முடிந்துவிட்டது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். நீளம்தான். வாகனம் வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

முதலில் ஒன்று. நான் மெக்கானிக் இல்லை, கணிதம் படிப்பிக்கிற ஆள். கீழே உள்ளதில் வேலை பற்றியது எல்லாம் எங்கள் பாஸ் சொன்னதும் செய்ததும். கணக்கு மட்டும் என்னுடையது.

எங்கள் வாகனம் 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், ஈகே3. ஊரில் பலருக்குத் தெரியும், வெள்ளை நிறம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் அந்த வரியோடு வாங்குவது ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத கதை. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய வாகனத்தைப் பார்த்துப் பராமரித்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இது ஊரில் பாதிப்பேரின் நிலை.

வாப்பாவுக்கு பைபாஸ் செய்த பிறகு மாதம் ஒருமுறை கண்டிக்கு கிளினிக். அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை என்று போய், அங்கிருந்து 18 வளைவு ஏறி கண்டி. ஒரு பக்கம் 200 கிலோமீற்றர் அளவில் வரும். அந்த 18 வளைவில் மழைக்குள் இறங்கியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வாப்பா முப்பது வருடம் நெல் லொறி ஓட்டியவர். இப்போது பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து வருவார். நவம்பர் மழையில் ஒருநாள் இறங்கி வரும்போது சொன்னார்: "மகன், பின் சில்லு ஒண்டு சொல்லுக் கேக்குதில்ல."

எனக்கு ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வாப்பா பின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த கிழமையே வாகனத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம்.

முதலில் ஒரு டயர் கடை. பெயர் வேண்டாம். இடது பின் டயரைக் கழற்றிப் புரட்டியபோதுதான் அந்தப் படத்தில் நீங்கள் பார்த்த காட்சி. வெளி ஓரத்தில் பூ தாராளமாக இருக்கிறது. உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை, அதன் நடுவில் கம்பி. அந்த டயர் போட்டு ஒரு வருடம்கூட இல்லை. கடைக்காரரின் தீர்வு: "டயர் சரியில்ல சேர், ரெண்டும் மாத்துங்க."

அடுத்து ஒரு வீல் எலைன்மென்ட் கடை. அவர்கள் முன் இரண்டு சில்லையும் பார்த்தார்கள், சரி செய்தார்கள். பின்பக்கம் பற்றிக் கேட்டேன். "பின்னுக்கு எலைன்மென்ட் இல்ல சேர்" என்றார் அங்கே இருந்த தம்பி.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பின்னுக்கும் எலைன்மென்ட் இருக்கிறது. சில வாகனங்களில் அதைத் திருத்த வழி இல்லை, அது வேறு விடயம். திருத்த வழி இல்லாத வாகனத்திலும் அளக்க வழி இருக்கிறது.

இனி கணக்கு. ஓ/எல் எழுதும் பிள்ளைக்கும் விளங்கும்.

சில்லுக்கு இரண்டு சாய்வு முக்கியம். வாகனத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் சில்லின் தலைப்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கெம்பர். உள்ளே சாய்ந்தால் மைனஸ். மேலே இருந்து பார்த்தால் சில்லின் முன் முனை உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பது டோ. நின்றபடி நம் பாதத்தைப் பாருங்கள். கால் விரல்கள் ஒன்றையொன்று பார்த்தால் டோ இன், விலகி நின்றால் டோ அவுட்.

எல்லாரும் பேசுவது கெம்பர் பற்றி, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும். ஆனால் டயரைத் தின்பதில் டோதான் பெரிய ஆள். எங்கள் டயரின் முழு உயரம் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். அதில் ஒரு சில்லு 3 மில்லிமீற்றர் வெளியே திரும்பியிருக்கிறது என்று வையுங்கள். 600க்கு 3 என்றால் 200க்கு 1. அதாவது வாகனம் 200 மீற்றர் நேராகப் போகும்போது அந்த டயர் 1 மீற்றர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. போக விடாமல் மற்றச் சில்லுகள் பிடித்து இழுக்கின்றன. ஒரு கிலோமீற்றருக்கு 5 மீற்றர். கண்டிக்குப் போகும் 200 கிலோமீற்றருக்கு 1 கிலோமீற்றர். போய் வந்தால் 2 கிலோமீற்றர் தூரம் அந்த டயரைத் தார் ரோட்டில் குறுக்காகத் தேய்த்திருக்கிறோம்.

இதோடு கெம்பரும் மைனஸில் கூடுதலாக இருந்தால், பாரம் முழுவதும் உள் ஓரத்தில். தேய்ப்பது டோ, தேயும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது கெம்பர். அதனால்தான் வெளிப்பக்கம் பூவும் உள்பக்கம் கம்பியும்.

காசு நட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பின் சில்லு வெளியே திரும்பியிருந்தால் வளைவில் வாகனத்தின் வால் நிலைகொள்ளாது. பாரம் அந்தச் சில்லின் மேல் வரும்போது அது வாகனத்தை வெளியே தள்ளப் பார்க்கும். காய்ந்த ரோட்டில் தெரியாது. ஈரத்தில், உள்பக்கம் வழுக்கையான டயரோடு, இறக்கத்தில் தெரியும். வாப்பா சொன்ன "சொல்லுக் கேக்குதில்ல" என்பதன் அர்த்தம் இதுதான்.

பிறகு எங்கள் பாஸிடம் போனோம். என் மச்சான் ஏற்கனவே போனில் கெம்பர் கிட் படம் தேடி எடுத்து வைத்திருந்தார். சிவப்பு நிறம், பார்க்க வடிவாக இருந்தது. பாஸ் படத்தைப் பார்த்தார், சிரித்தார்.

"கிட் வாங்குறது கடைசி வேல சேர். மொதல்ல என்ன கெட்டிருக்கு எண்டு பாப்பம். மறுகா வாங்குவம்."

இந்தச் சிவிக்கின் பின்பக்கம் ஒவ்வொரு சில்லையும் நான்கு கைகள் பிடித்திருக்கின்றன. நீளவாக்கில் பெரிய ட்ரெய்லிங் ஆர்ம் ஒன்று. குறுக்கே மேலே அப்பர் ஆர்ம், கீழே லோவர் ஆர்ம், முன்னால் சின்னதாக இன்னொன்று. அந்தச் சின்னக் கை பொடியோடு சேரும் இடத்தில் ஓட்டை நீளமாக இருக்கும். போல்ட்டைத் தளர்த்தி அந்த நீளத்துக்குள் நகர்த்தினால் டோ மாறும். அதாவது கம்பனியே டோ திருத்த வழி வைத்திருக்கிறது. கெம்பர் திருத்தத்தான் வழி வைக்கவில்லை.

ட்ரெய்லிங் ஆர்மின் முன்பக்கம் கைப்பிடி அளவில் ஒரு பெரிய இறப்பர் புஷ் இருக்கிறது. இந்த வகை ஹொண்டாவில் அடிக்கடி போவது அதுதான். பாஸ் நெம்புகோலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். இடது பக்க ஆர்ம் ஆடியது. டோர்ச் அடித்துக் காட்டினார். இறப்பர் வட்டமாகக் கிழிந்து இரும்பை விட்டுக் கழன்றிருந்தது.

"இத வெச்சுக்கொண்டு டோ எடுத்தா, இஞ்ச ஒரு அளவு, பிரேக் அடிச்சா வேற அளவு" என்றார் பாஸ்.

நிற்கும்போது சரியாக இருக்கும் சில்லு, பிரேக் பிடிக்கும்போது தன் பாட்டில் திரும்புகிறது. இந்த நிலையில் எந்தக் கிட் பூட்டினாலும் பிரயோசனமில்லை.

அதனால் வேலையை இந்த ஒழுங்கில் செய்தோம்.

1. புஷ். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டோம். இது சுத்தியலால் அடித்து ஏற்றும் சாமான் இல்லை, பிரெஸ் உள்ள இடத்தில் அமுக்கித்தான் போட வேண்டும். புஷ்ஷுக்கு ஒரு திசை இருக்கிறது, பழையதைக் கழற்ற முன் அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. ஸ்ப்ரிங். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பாரம் சுமந்து பின்பக்கம் இறங்கியிருந்தது. இந்த வாகனத்தில் அப்பர் ஆர்ம் லோவர் ஆர்மைவிடக் கட்டை. அதனால் பின்பக்கம் இறங்க இறங்கச் சில்லின் தலை உள்ளே சாயும். பஞ்சிகாவத்தையில் ஹாஃப் கட்டில் இருந்து ஒரு சோடி ஸ்ப்ரிங் கிடைத்தது. எங்களுடையதைவிட நல்லது, ஆனாலும் புதிது இல்லை.

3. அளவு. இப்போதுதான் நாலு சில்லும் பார்க்கும் கொம்பியூட்டர் எலைன்மென்ட் இடத்துக்குக் கொண்டுபோனோம். திருத்த அல்ல, அளக்க மட்டும். இடது பின் கெம்பர் மைனஸ் 2 பாகை 20 நிமிடம், வலது மைனஸ் 2 பாகை 5 நிமிடம். இந்த மொடலுக்குக் கம்பனி அளவு மைனஸ் 1 பாகை, ஒரு பாகை கூடக் குறையலாம். அதாவது மைனஸ் 2 வரை பரவாயில்லை. இரண்டு பக்கமும் எல்லை தாண்டித்தான் நிற்கிறது.

இப்போதுதான் கிட் வாங்க ஒரு காரணம் வந்தது.

மச்சான் இந்த இடத்தில் வொஷர் யோசனை ஒன்று சொன்னார். அப்பர் ஆர்ம் பொடியில் பூட்டும் இடத்தில் இரண்டு மூன்று வொஷர் வைத்தால் ஆர்ம் வெளியே தள்ளப்பட்டுச் சில்லு நிமிரும். பலர் செய்கிறார்கள், கணக்கும் சரிதான். ஆனால் வொஷர் வைக்கும் அளவுக்கு போல்ட் உள்ளே பிடிக்கும் புரி குறைகிறது. பொதுவான விதி, போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது புரி பிடித்திருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. வொஷர் வைப்பதென்றால் நீளமான, அதே தரத்து போல்ட் போட வேண்டும். அது கையில் கிடைக்காததால் நாங்கள் ஆர்மே மாற்ற முடிவு செய்தோம்.

நீளம் கூட்டிக் குறைக்கும் அப்பர் ஆர்ம் இரண்டு வகையாக வருகிறது. முனையில் இரும்புக் குண்டு வைத்தது ஒன்று, இறப்பர் புஷ் வைத்தது மற்றது. குண்டு வைத்தது ரேஸ் ஓடுபவர்களுக்கு நல்லது. எங்கள் கரையோரத்து உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் அது சீக்கிரம் தேய்ந்து சத்தம் போடும் என்றார் பாஸ். இறப்பர் உள்ளதை வாங்கினோம். நிறம் கறுப்பு. மச்சானுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

பூட்டும்போது பாஸ் செய்ததில் நான் குறித்துக்கொண்டவை:

முதல்நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தார். உப்பில் இறுகிய போல்ட்டை அவசரப்படுத்தினால் தலை முறிந்து கையில் வரும், பிறகு அரை நாள் வேலை.

வாகனத்தைத் தூக்கி ஜெக் ஸ்டேன்டில் நிறுத்தினார். ஜெக்கில் மட்டும் விட்டுவிட்டோ கல் அடுக்கியோ ஒருவரும் கீழே போகாதீர்கள். சீமெந்துக் கல் எச்சரிக்கை தராமல் உடையும்.

புது ஆர்மைப் பழைய ஆர்முக்குப் பக்கத்தில் வைத்து முதலில் அதே நீளத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் நீட்டினார். தொடக்கப் புள்ளி தெரிந்தால்தான் எவ்வளவு மாற்றினோம் என்று தெரியும். இது எங்கள் பாடத்துக்கும் பொருந்தும்.

அடுத்ததுதான் மிக முக்கியம். இறப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கவே இல்லை. கையால் பிடிக்க விட்டு, கீழே இருந்து ஜெக்கால் சில்லுப் பக்கத்தைத் தூக்கி, வாகனம் தரையில் நிற்கும் உயரத்துக்கு வந்த பிறகுதான் டோர்க் ரென்ச் வைத்து இறுக்கினார். காரணம் கேட்டேன். இறப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வாகனத்தை இறக்கினால், அந்த இறப்பர் வாழ்நாள் முழுக்க முறுக்கிய நிலையில்தான் இருக்கும். சீக்கிரம் கிழியும். "கன கராஜுல இதச் செய்யிறல்ல, நேரம் போற வேல" என்றார்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி எலைன்மென்ட். கெம்பரை மாற்றினால் டோவும் சேர்ந்து மாறும், ஆகவே கெம்பர் முதலில், டோ பிறகு. பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு. பின் சில்லுகள் காட்டும் திசைக்குத்தான் வாகனம் போகும். பின்னை விட்டுவிட்டு முன்னை மட்டும் சரிசெய்தால் நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கடைசி அளவு: இரண்டு பக்கமும் கெம்பர் மைனஸ் 1 பாகை 10 நிமிடம், பின் டோ மொத்தம் 2 மில்லிமீற்றர் உள்ளே. லொக் நட்டுகளை இறுக்கி மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டார். நட் சுழன்றால் கோடு விலகும், பார்த்த உடனே தெரியும். 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி பார்த்தோம். கோடு அப்படியே இருந்தது.

செலவைக் கேட்டவர்களுக்கு: புஷ், ஸ்ப்ரிங், ஆர்ம், கூலி, இரண்டு தடவை எலைன்மென்ட் எல்லாம் சேர்த்தும், வருடத்துக்கு இரண்டு டயர் என்று எறிந்துகொண்டிருப்பதைவிட மலிவு. இதில் உண்மையில் வேலை செய்தது புஷ்ஷும் அளவும்தான். ஆர்ம் கடைசிக் கொஞ்சத்தைத்தான் சரிசெய்தது. கிட்டை முதலில் பூட்டியிருந்தால் சில்லு நேராக நிற்கும், பார்க்க வடிவாக இருக்கும், கிழிந்த புஷ் உள்ளே அப்படியே இருக்கும்.

வாகனத்தைப் பதிக்கும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. ஸ்ப்ரிங் வெட்டிவிட்டுக் கெம்பர் கிட் போட்டால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். கிட் சில்லை நிமிர்த்தும், அவ்வளவுதான். ஷொக் வேலை செய்ய வேண்டிய தூரத்தை அது திருப்பித் தராது. பள்ளத்தில் விழும்போது அடி நேராக பொடிக்குப் போகும். அந்த வாகனத்தில்தான் உம்மாவையும் ஏற்றிப் போகிறீர்கள்.

ஃபிட், வெசல், அக்குவா, விட்ஸ், அக்ஸியோ வைத்திருப்பவர்கள் "எங்களுக்கும் கெம்பர் ஆர்ம் பூட்டலாமா" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வாகனத்தின் பின்பக்கம் இரண்டு சில்லும் ஒரே பீமில் சேர்ந்திருப்பது, சில நாலு சில்லும் இழுக்கும் மொடல்களைத் தவிர. அதில் இப்படி ஆர்ம் கிடையாது. அளவு பிழையாக வந்தால் முதலில் பீமின் புஷ், ஹப், எங்காவது அடிபட்டு பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வித்தியாசத்துக்கு ஹப்புக்கும் பீமுக்கும் இடையில் சாய்வான தகடு வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். "ஆர்ம் இருக்கு, வாங்குங்க" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்க முன் வாகனத்தின் கீழே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வீட்டிலேயே கெம்பரை ஓரளவு பார்க்கலாம். கொத்தனார் பாவிக்கும் தூக்குக் குண்டு போதும். சமதளத்தில் வாகனத்தை நிறுத்தி, சில்லுக்கு முன்னால் நூலைத் தொங்கவிட்டு, நூலில் இருந்து ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். 14 அங்குல ரிம்மில் ஒரு பாகைக்கு 6 மில்லிமீற்றர் சொச்சம் வித்தியாசம் வரும். 15 மில்லிமீற்றர் வந்தால் கராஜுக்குப் போகும் நேரம். இது அண்ணளவான கணக்கு, கொம்பியூட்டர் அளவுக்குப் பதில் இல்லை.

போன மாதம் கிளினிக் போய் வந்தோம். 18 வளைவில் நல்ல மழை. மஹியங்கனை வந்து சேரும்வரை வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. நித்திரை. அல்ஹம்துலில்லாஹ்.

நம் வாகனத்தில் ஏறி உட்காருகிறவர் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு ஏறுவதில்லை. நம்மை நம்பி ஏறுகிறார். அது நம் கையில் இருக்கும் அமானிதம். குறிப்பாக ஸ்கூல் வேன் ஓட்டும் சகோதரர்களே, உங்கள் வேனில் காலையில் ஏறுபவை எங்கள் பிள்ளைகள்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டோர்ச் அடித்து நாலு டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள். கையால் தடவ வேண்டாம், கம்பி இருந்தால் கிழிக்கும். சந்தேகமாக இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பாஸிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். தூக்குக் குண்டு தேவையானவர்களுக்கு அதுவும் என்னிடம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். மறக்காமல் திருப்பித் தாருங்கள், அது மேசன் காக்காவுடையது.